எட்டாத உயரத்தில் நல்ல தண்ணீர்

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருந்தது. காலை பத்து, பத்தரை இருக்கும். அடுப்பில் முறுக்கு வெந்துகொண்டிருந்தது. பின்வாசலில் குழாய் திறந்து கிடக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். என் மகள் ஷைனி, பாத்திரம் கழுவும் கல்லின்மேல் குந்தி உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. கவுனின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"ஏளா, இந்த வாடைக் காத்துல தண்ணிக்குள்ள என்ன வெளையாட்டு?" என்று சத்தம் போட்டுக்கொண்டே போய்க் குழாயை இறுக மூடினேன். அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து கவுனை மாற்றினேன். அவள் அழவில்லை. நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். புதிதாக ஒரு சேட்டை கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் விளையாடவில்லை, குடித்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரிய இன்னும் ஒரு நாள் ஆனது.

போன வாரம் ஷைனிக்கு முடி வெட்டப் போன கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி என்னைப் பொறுமையின் சிகரம் என்று எழுதியிருக்கிறார். பொறுமையாம் பொறுமை! என்னைப் பெற்றவள் கேட்டால் வயிறு குலுங்கச் சிரிப்பாள். சிகரம் என்றெல்லாம் சொன்ன பிறகு இதை மறைத்து வைத்திருக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு யாரும் எனக்கு ஆறுதல் எழுத வேண்டாம்.

இரண்டு தண்ணீர்

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விஷயம். தூத்துக்குடியில் பல வீடுகளில் தண்ணீர் இரண்டு. ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று உப்புத் தண்ணி. மில்லர்புரத்தில் எங்கள் தெருவிலும் அப்படித்தான். உப்புத் தண்ணீர் போர்வெல்லிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, வீட்டுக் குழாய்களில் வரும். துவைக்க, கழுவ, குளிக்க அதுதான். சோப்பைத் தேய்த்தால் நுரை வர நேரமாகும். நல்ல தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கேனாக வாங்க வேண்டும். வீட்டுக்கு யாராவது வந்தால், உட்காரச் சொல்வதற்கு முன்னால் "நல்ல தண்ணி குடிங்க" என்போம்.

இந்த ஊர்ப் பிள்ளைகள் நடை பழகும்போதே "அது உப்பு, குடிக்காத" என்பதையும் பழகிவிடும். ஷைனிக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொன்னாலும் விளங்கியதா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் பல் தேய்க்கும்போது உதட்டில் உப்புத் தண்ணீர் பட்டாலே முகத்தைச் சுளித்துத் துப்பிவிடுவாள். அப்படிப்பட்ட பிள்ளை அந்தத் தண்ணீரை விரும்பிக் குடிக்கும் என்று நான் எப்படி நினைப்பேன்?

தாளின் பின்பக்கம்

ஷைனி போகும் தெரபி சென்டர் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. ஒரு வீட்டு மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான். செல்வி டீச்சர் என்கிற இளம்பெண்தான் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பாள். ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயற்காட்டு ஊர்க்காரி. எதற்கும் அவசரப்பட மாட்டாள். அந்த நிதானத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால் பெற்றோர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். சன்னலில் காகித நட்சத்திரம் தொங்கியது. வெளியே தூறல். "நாளையில இருந்து பத்து நாள் லீவு. இங்கனயும் தெரபி கிடையாது, வீட்டுலயும் கிடையாது. ஒரு வருசமா ஓடியிருக்கீங்க, பிள்ளைகளும் ஓடியிருக்கு. பேசாம இருங்க" என்றாள்.

ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். முன்பக்கத்தில், வருகிற மூன்று மாதத்தில் பிள்ளை எட்ட வேண்டிய ஒரே ஒரு இலக்கு, அதுவும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய சின்ன இலக்காக எழுத வேண்டும். பின்பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: உங்களுக்கு என்ன ஓய்வு வேண்டும்?

"பின்பக்கத்த மொதல்ல எழுதுங்க" என்றாள்.

என் பக்கத்தில் மாப்பிள்ளையூரணியிலிருந்து வரும் லாரி அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். உப்பு லோடு அடிப்பவர். மகனைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி வருவார். அவர் கையைத் தூக்கினார். "டீச்சர், எனக்கு ஒரு நாளு முழுக்கத் தூங்கணும். அத எழுதலாமா?"

"தாராளமா எழுதுங்க அண்ணாச்சி."

"நடுவுல எந்திரிக்கவே மாட்டேன்."

"சாப்பாட்டுக்கு மட்டும் எந்திரிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பிள்ளை வாய் திறக்கவில்லை, தகப்பனுக்குத் தூக்கம் ஒரு கேடா என்று மனதுக்குள் திட்டினேன். என் தாளின் பின்பக்கத்தைப் படிக்கக்கூட இல்லை. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'தண்ணீர் வேண்டும் என்று வாயால் கேட்க வேண்டும்.' மூன்று மாதம் என்பதை அடித்துவிட்டு, பத்து நாள் என்று போட்டேன்.

கப்பல் ஆபீஸ் புத்தி

ஷைனி பிறப்பதற்கு முன்னால் பல வருடம் ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்த்தேன். துறைமுகத்தில் சரக்கு நின்றுபோனால் எந்தப் பேப்பர் குறைகிறது என்று கண்டுபிடிப்பேன். போன் மேல் போன் போடுவேன். பேப்பர் வந்ததும் சரக்கு வெளியே வந்துவிடும். என் மேனேஜர், "இந்தப் பொம்பள விட்டா கல்லுல நாரு உரிச்சிரும்" என்பார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வளர்ந்தவள் நான்.

அந்தப் புத்தியை அப்படியே பிள்ளையிடம் கொண்டுவந்தேன். சுவரில் டைம்டேபிள் ஒட்டினேன். இரண்டு வருடமாக ஒரு நாள் விடவில்லை. அவள் அப்பா கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்க்கிறார். போனால் எட்டு மாதம், ஒன்பது மாதம். வீட்டில் நானும் அவளும்தான்.

அந்த நவம்பரில் ஒரு நாள், சென்டரில் டம்ளரைப் பார்த்து ஷைனி "ண்ணி" என்றாள். ஒரே ஒரு தடவை. நானும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆறு வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. அவள் அப்பாவுக்குப் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "புது வருசத்தன்னைக்கு போன் போடுங்க. அவ தண்ணி கேக்குறத உங்க காதாலயே கேப்பீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னிடம் அப்படி எதுவும் கேட்கவில்லை. நானாகக் கொடுத்த வாக்கு.

செல்வி டீச்சர் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தாள். பிள்ளைக்குப் பிடித்த பொம்மையை, தின்பண்டத்தைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, கைக்கு எட்டாத மாதிரி வைக்க வேண்டும். வேண்டும் என்று எப்படியாவது காட்டினால் உடனே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். சொல்லும்போதெல்லாம் கூடவே ஒன்றையும் சொல்வாள்: "சாப்பாடு, தண்ணி, தூக்கம், இந்த மூணுல மட்டும் கை வைக்கப்பிடாது." நான் தலையை ஆட்டியிருக்கிறேன், பல தடவை.

ஆனால் ஷைனிக்கு முறுக்கு கிடைக்கவில்லையா, போ என்று போய்விடுவாள். பொம்மை இல்லாவிட்டால் ஒரு டப்பா மூடி போதும், நாள் முழுக்க உருட்டுவாள். தண்ணீர் இல்லாமல் எங்கே போவாள்? இப்படித்தான் யோசித்தேன். பெற்றவள் யோசிக்கிற யோசனையா இது? எல்லோரும் லீவு விட்டு வீட்டில் கேக் தின்றுகொண்டிருந்தபோது, நான் நல்ல தண்ணீர்க் கேனைத் தூக்கிச் சமையலறை மேல் தட்டில் வைத்தேன்.

மூன்று நாள்

முதல் நாள் அவள் தட்டுக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். என் கையைப் பிடித்துத் தட்டுப் பக்கம் இழுத்தாள். "தண்ணி சொல்லு. தண்ணி" என்றேன். இழுத்தாள். "சொல்லு." அழுதாள். அழுகையில் ஒரு சத்தம் வந்ததும் கால் டம்ளர் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுபடியும் கையை இழுத்தாள். மறுபடியும் "சொல்லு" என்றேன்.

மறுநாள் இழுத்தது குறைந்தது. சாப்பாட்டோடு மட்டும் கால் டம்ளர் கொடுத்தேன். டம்ளரை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் கொடுத்தேன். எண்ணி முடிக்கிற வரைக்கும் அவள் டம்ளரைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது நாள் அவள் என்னிடம் வரவே இல்லை. மழைக்காலம், தாகம் எடுக்காது என்று சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் இன்னொன்றும் ஓடியது: வீம்பு பிடிக்கிறாள், தாகம் முற்றினால் வந்துதானே ஆக வேண்டும். என் வயிற்றில் பிறந்த பிள்ளையோடு நான் மல்லுக்கு நின்றேன். அந்த நாளில்தான் பின்வாசல் குழாயடியில் நனைந்த கவுனோடு அவளைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே வாந்தி. மறுநாள் காலையில் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. பண்டிகைப் பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, ஓமத் தண்ணீர் கொதிக்க வைக்கப் போனேன். திரும்பிப் பார்த்தால் படுக்கையில் ஆளைக் காணோம். சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடிப் பின்வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

கல்லின்மேல் ஏறினாள். குழாயைத் திறந்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு வாயை நேராகக் குழாயில் வைத்தாள். அவள் தொண்டை ஏறி ஏறி இறங்கியது. கொஞ்சம் குமட்டினாள், மறுபடியும் வாயை வைத்தாள்.

மூன்றடி தூரத்தில் நான் நிற்கிறேன். சமையலறையில் கேன் நிறைய நல்ல தண்ணீர் இருக்கிறது. யேசுவே, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வராந்தா

ஆஸ்பத்திரியில் அவளுக்கு டிரிப் ஏற்றினார்கள். கை நரம்பு சீக்கிரத்தில் கிடைக்கவில்லை. மூன்று இடத்தில் குத்தினார்கள். டாக்டர், "தொட்டித் தண்ணி எதுவும் குடிச்சாளா? உடம்புல தண்ணியே இல்லையேம்மா" என்றார். "குடிச்சிருப்பா சார்" என்றேன். ஏன் குடித்தாள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் கோழைத்தனம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

கிறிஸ்துமஸ் அன்று வார்டில்தான் இருந்தோம். தெருவில் பிள்ளைகள் பட்டாசு வெடிக்கும் சத்தம் கேட்டது. மத்தியானம் ஒரு நர்ஸ், உப்புச் சர்க்கரைக் கரைசலை டம்ளரில் கலந்து கொண்டுவந்து ஷைனியின் வாயருகே நீட்டினாள். "குடி ராசாத்தி."

ஷைனி டம்ளரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"குடிம்மா. ஒனக்குத்தான்." நர்ஸ் டம்ளரை உதட்டில் வைத்துப் பார்த்தாள். ஷைனியின் பார்வை என் முகத்தை விட்டு நகரவே இல்லை. பத்து எண்ணி முடிப்பேன் என்று காத்துக்கொண்டிருந்தாளோ என்னவோ. நான் "குடி செல்லம், குடி" என்று கெஞ்சினேன். என் குரல் கேட்டதும் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

நர்ஸுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? சாதாரணமாகச் சொன்னாள். "அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. உங்களப் பாத்து முழிக்கா."

வராந்தாவில் போய் நின்றேன். பினாயில் வாடை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டது. "இன்னும் வேணுமா? இந்தா" என்று நர்ஸ் சொல்வதும் கேட்டது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

புது வருசத்துப் போன்

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு, புது வருசத்தன்று சொன்ன மாதிரியே அவள் அப்பா போன் போட்டார். எங்கேயோ ஒரு துறைமுகத்தில் நின்றது கப்பல். "ஹாப்பி நியூ இயர்ளா! எங்க எம் மக? கேக்காளா?" குரலில் அவ்வளவு ஆசை.

பொய் சொல்லியிருக்கலாம், அவ தூங்குதா என்றால் போதும். ஆனால் சொல்லிவிட்டேன். மேல் தட்டு, கால் டம்ளர், குழாய், டிரிப் எல்லாவற்றையும் சொன்னேன்.

முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு சொன்னார்: "கடல்ல எவனாவது படகுல தத்தளிச்சிட்டு வந்தா, அவன் எந்த ஊரு, என்ன சாதின்னு கேக்க மாட்டோம்ளா. மொதல்ல தண்ணி குடுப்போம்."

"ஏங்க…" என்றேன். லைன் கட்டாகிவிட்டது. சிக்னல் போய்விட்டது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நான்கு நாள் கழித்துத்தான் மறுபடியும் பேசினார். அப்போதும் ஷைனியைப் பற்றி மட்டும்தான் கேட்டார்.

மறுபடியும் அந்தத் தாள்

சென்டர் திறந்த அன்று மற்றவர்கள் வருவதற்கு முன்னாலேயே போய் செல்வி டீச்சரிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் முகம் வெளிறிப்போனது. கொஞ்ச நேரம் ஷைனியின் கையை, ஊசி குத்திய தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மொத நாள் உங்க கையப் புடிச்சு இழுத்தால்லா? அதுதான் அவ சொல்லுத விதம். அவ சொல்லிட்டா அக்கா. நீங்க குடுத்திருக்கணும்."

பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன்.

"அந்தப் பின்பக்கத்துல என்ன எழுதினீங்க?"

"ஒண்ணும் எழுதல."

"இப்ப எழுதுங்க."

பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு என்ன ஓய்வு வேண்டும்? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு காலத்தில் எனக்கு என்னவெல்லாம் பிடிக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. அந்த நேரம் பார்த்து லாரி அண்ணாச்சி மகனோடு படியேறி வந்தார்.

"டீச்சர், தூங்கிட்டேன்!" வாசலிலேயே அறிவித்தார். "தருவைகுளத்துல எந் தங்கச்சி வீட்டுல. காலையில படுத்தவன் வெளக்கு வைக்கையிலதான் எந்திரிச்சேன். செத்துட்டேனோன்னு மூக்குல வெரலு வச்சுப் பாத்திருக்கா. மறுநாளு எம் பொஞ்சாதி தூங்கினா, நான் பயல வச்சிருந்தேன். கடக்கரையில மணல அள்ளித் தலையில போட்டுக்கிட்டுக் கெடந்தோம் ரெண்டு பேரும்."

மனிதர் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. அவர் பையன் அவர் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவரை எவ்வளவு கேவலமாக நினைத்தேன்!

தாளின் முன்பக்கத்தில் எழுதியிருந்ததை அடித்தேன். அதற்குக் கீழே எழுதினேன்: 'யாரிடமும் கேட்காமல், தானாகத் தண்ணீர் எடுத்துக் குடிக்க வேண்டும்.' சென்டரில் மற்ற எல்லோரும் பிள்ளை கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். செல்வி டீச்சர் படித்துவிட்டுத் திருத்தாமல் வாங்கிக்கொண்டாள்.

"நீங்க அங்கன நின்னா அவ எடுக்க மாட்டா" என்றாள். "தண்ணிய அவ கைக்கெட்ட வச்சிட்டு, மத்தியானம் ஒரு மணி நேரம் பக்கத்து ரூமுல போய்ப் படுத்திருங்க. பின்பக்கத்துல இதையே எழுதிக்கிடுதேன்."

படுத்திருந்த மத்தியானங்கள்

மண்பானையில் நல்ல தண்ணீர் ஊற்றி, சமையலறைத் தரையில் வைத்து, பக்கத்தில் டம்ளரையும் வைத்தேன். பின்வாசல் குழாயின் திருகைக் கழற்றி ஒளித்தேன். பக்கத்து அறையில் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

முதல் சில நாள் அவள் பின்வாசலுக்குத்தான் போனாள். திருகு இல்லாத குழாயைத் தட்டுகிற சத்தம் கேட்கும். பிறகு அமைதியாகிவிடும். எழுந்து போய்க் கொடுக்கவும் முடியாது, படுத்திருக்கவும் முடியாது. பக்கத்து வீட்டு அக்கா வந்து கொடுத்தால் குடித்தாள். என் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க ஊரார் வர வேண்டியிருந்தது.

இரண்டாவது வாரத்தில் ஒரு மத்தியானம். டம்ளர் தரையில் இழுபடும் சத்தம், பானைக்குள் அது முங்குகிற சத்தம், அப்புறம் மடக் மடக் என்று குடிக்கிற சத்தம். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தேன். கண்ணீர் பாயில் இறங்கிக்கொண்டே இருந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஷைனி கதவோரம் உட்கார்ந்து மூடி உருட்டிக்கொண்டிருந்தாள். வருடக்கணக்கில் நான் பகலில் தூங்கியதே இல்லை.

இப்போது அவளுக்கு ஒன்பது நடக்கிறது. அப்பா வந்தால் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்கிறாள். சில வார்த்தைகள் பேசுகிறாள். மூடி, போ, பஸ், அப்பா. தண்ணி மட்டும் இல்லை. அந்த வார்த்தையை நாங்கள் யாரும் மறுபடி அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

தாகம் எடுத்தால் தானாகவே பானைக்குப் போகிறாள். நான் சமையலறையில் இருந்தால், டம்ளரைத் தொடுவதற்கு முன்னால் நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். சிரித்துப் பார்த்திருக்கிறேன், தலையை ஆட்டியும் பார்த்திருக்கிறேன். அவள் கை நீளாது. நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். அதன்பிறகுதான் குடிக்கிறாள்.